ஒன்பதாவது

டோங்காட், நான்காம் வகுப்பு.
பிளாஸ்டிக் தொட்டி நிறைய மண்.
நேற்று சாயங்காலம் நான் புதைத்தவை எட்டு:
கோப்பைக் காது, ஆணி, செல்லாத காசு,
ஐந்து ஓட்டாஞ்சில்லு.

பல் துலக்கும் பிரஷ்ஷால்
மண்ணுக்குக் கிச்சுகிச்சு மூட்டுகிறாள் நொக்வாண்டா.
சல்லடை பிடித்த கோகிலன் தும்மினான்;
போச்சு ஒரு நூற்றாண்டு.

"மிஸ், இது எத்தனாவது?"

கண்ணாடி வளையலில் கால்வாசி. பச்சை.
என் பட்டியலில் இல்லை.

மண் அள்ளியது பள்ளிக்குப் பின்புறம்,
கரும்புத் தோட்டத்து லயன் இருந்த இடம்.
அள்ளும்போது
அதை நான் நினைக்கவேயில்லை.

தாளில் எட்டே கட்டங்கள்.
ஒன்பதாவதைப் பென்சிலால் போடுகிறேன்,
கோணலாக.

அந்த வளைவைத் தன் மணிக்கட்டில்
வைத்துப் பார்த்துவிட்டு
'யாருடையது' என்ற இடத்தில்
நொக்வாண்டா எழுதுகிறாள்:
என்னைவிடச் சின்னவள்.