வருகையின் நோக்கம்

ஒகேனக்கல் பேருந்தில்
எல்லோர் மடியிலும் துண்டு, மாற்றுத்துணி, எண்ணெய்ப் பாட்டில்.
பென்னாகரத்தில் நான் இறங்கினேன்.
"அருவி இன்னும் வரலைங்க" என்றார் நடத்துநர்.
தெரியும் என்றேன்.
தெரிந்தே இறங்குகிறவனை
வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

விடுதிப் பதிவேட்டில் ஐந்தாவது கட்டம்:
வருகையின் நோக்கம்.
எனக்கு முன்னால் தங்கியவர்கள்
பட்டா என்று எழுதியிருந்தார்கள்,
கோர்ட், வாரிசுச் சான்று, மறுபடியும் பட்டா.
நான் "சும்மா" என்று எழுதினேன்.
பையன் பேனாவை வாங்கி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.

தாலுகா ஆபீஸ் புளியமரத்தடியில்
நகலெடுக்கும் இயந்திரம் சூடாகி ஓய்வில் இருந்தது.
ஜீப்புக்கு அடியில் ஒரு நாய்.
ஜீப் எங்கும் போகாது என்று தெரிந்த தூக்கம்.

மூன்று டீ குடித்தேன்.
மூன்றாவது டீக்கு
டம்ளரை இரண்டு முறை கழுவினார்கள்.
அதற்குள் செய்தி போயிருந்தது:
மெட்ராஸிலிருந்து ஆள் வந்திருக்கு,
எதையும் கேட்கிறதில்லை,
எல்லாத்தையும் பார்க்குது.

மனு எழுதும் தீர்த்தகிரி முதலில் எழுந்து நின்றார்.
அவர் மேசைக்கு எதிரே குந்தியிருந்தவர்
மஞ்சள் பையைப் பிரித்தார்.
பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னோர் உறை, அதற்குள் காகிதம்.
பட்டாவில் மாதன்.
ஆதாரில் மாதையன்.
"ரெண்டும் நாந்தாங்க."
சிரித்தபோது பற்களில்
போர்வெல் தண்ணீர் போட்ட பழுப்புக் கோடுகள்.
"மூணு வருஷமா கம்ப்யூட்டர்ல ரெண்டு பேரா இருக்கேன்.
காடு ஒருத்தன் பேர்ல,
கடன் ஒருத்தன் பேர்ல."

நான் அதிகாரி இல்லை என்றேன்.
அப்படித்தானே சொல்வார்கள் என்று
மரியாதையாகத் தலையாட்டினார்.
ஊர் பார்க்க வந்தேன் என்றேன்.
"இதையா?"
மரத்தைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.
எனக்காக அவர் கொஞ்சம் கூச்சப்பட்டது போலிருந்தது.

மதியம் வரிசையில் அவரோடு நின்றேன்.
ஏன் நின்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டதால்
இடுப்பிலிருந்து வேர்க்கடலை எடுத்துக் கொடுத்தார்.
தோலை எங்கே போடுவதென்று தெரியாமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஜன்னலுக்குள்ளிருந்த பெண்
என் சட்டையைப் பார்த்தாள்,
அவர் மனுவைப் பார்த்தாள்,
மறுபடி என் சட்டையை.
முத்திரை விழுந்தது.
"பெறப்பட்டது."
அவ்வளவுதான்.
மாதன் இன்னும் மாதன்,
மாதையன் இன்னும் மாதையன்.
ஆனாலும் அந்த ஊதா வட்டத்தை
அழிந்துவிடாமல் ஊதி ஊதி உலர்த்தினார்.
நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.
சொன்ன உண்மையை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் அறையைக் காலி செய்கையில் பார்த்தேன்.
"சும்மா"வை அடித்து
"ஆய்வு" என்று எழுதியிருந்தது, அழகான கையெழுத்தில்.
கேள்விக்குறியை அடிக்க மறந்துவிட்டார்கள்.

தருமபுரி வண்டியில்
பக்கத்து இருக்கைக்காரருக்கு ஈரத்தலை,
விரல்களில் வறுத்த மீன் வாசனை.
"நீங்க குளிக்கலையா?" என்றார்.
பயணச்சீட்டுக்குச் சில்லறை தேடி
சட்டைப்பையில் கைவிட்டேன்.
கடலைத்தோல்.