பதினேழாவது

டெம்ஸ்டர் சாலையில் நாலாம் நாள்.
சரளை இரண்டு டயரைத் தின்றிருந்தது.
ஒடெட்டின் நோட்டில் பதினாறு உயிர்கள்:
முள்ளம்பன்றி, கரிபு மான், தாய்க்கரடி,
குட்டி ஒன்றா இரண்டா என்று
அடித்தல் திருத்தல்.

ரைட் கணவாய் தாண்டிய வளைவில்
சாம்பல் நிறத்தில் ஒன்று
நடுச்சாலையில் நின்றது.
எஞ்சினை அணைத்தேன்.
எங்களைப் பார்த்தது, வேனைப் பார்த்தது,
வில்லோப் புதருக்குள் போய்விட்டது.
'ஓநாய்' என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.

பீல் ஆற்றின் படகில் வேனை ஏற்றிய எஃபி
கயிற்றை விடாமல் கேட்டாள்:
"ஒரு காது கிழிஞ்சிருந்துதா?
மூணு வாரமா வில்ஃப்ரெட் தேடுறார்.
பேர் பிஸ்கட்."

ஓநாய்தான் வேண்டும் என்று பார்த்த கண்ணுக்குக்
காது எங்கே தெரியும்?

எஃபி ஒன்றும் சொல்லவில்லை.
மாட்டிய சங்கிலியைக் கழற்றினாள்.
வேனைத் திருப்ப இடம் காட்டினாள்.

எழுபது கிலோமீட்டர்.
இரவு பதினொன்றுக்கும் வெயில் சாய்ந்தபாடில்லை.
கொசுவலைத் தொப்பிக்குள்ளிருந்து
அத்தனை பெரிய வெட்டவெளியைப் பார்த்து
"பிஸ்கட்! ஏய், பிஸ்கட்!" என்றாள் ஒடெட்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அப்புறம் நானும் கூப்பிட்டேன்,
தொண்டை கட்டும்வரை.

காற்றில் ஆடிய புதரில்
ஓரிடம் மட்டும் ஆடாமல் நின்றது.

கரடிக்கும் காது உண்டு என்பது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
வேன் கதவைத் திறந்தே வைத்திருந்தோம்,
அது ஏறவா, நாங்கள் ஏறவா என்று
சொல்லிக்கொள்ளாமல்.