ஆயிரத்து எண்ணூறு

பெட்டியில் ஆறாயிரம் என்று அச்சடித்திருக்கிறது.
நிமிடத்துக்கு ஆறாயிரம் மில்லிமீட்டர்.
எந்த ஊரில், எந்த மேசையில், எதை வெட்டும்போது
என்று பெட்டி சொல்லவில்லை.

இது மண்டபம்.
ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒற்றை ஷட்டர் கடை.
திருகுதண்டுக்குக் காலையில் எண்ணெய் போட்டால்
மாலையில் துடைத்த துணி பழுப்பாக வரும்.

நாளை நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது.
அறுபத்தொரு நாள் கரையோடு கிடந்த விசைப்படகுகள்
பெயின்ட் காயாமல் நிற்கின்றன.
பெயர்ப்பலகை ஏழு பாக்கி.
ஏழாவது சேசுராசுவுடையது:
கடல் அன்னம்.

"கூட்டு செலஸ்டின்,
மோட்டார் என்ன மாடா, மூச்சு வாங்க?"
என்றான் நாகூர்கனி.

கூட்டினேன்.
எழுநூறில் மேசை நடுங்கியது.
டீ கிளாஸ் தானாக நடந்து விளிம்புவரை போனது.
ஆயிரம் தாண்டியதும் அடங்கிவிட்டது.
இரண்டாயிரத்தில் குரல் மெலிந்து கொசுவானது.
எழுத்துகள் முடிந்தன, பழுதில்லை.
புள்ளிகள் மட்டும் மிச்சம்.
சின்ன பிட் மாற்றி
இன்னொரு நானூறு ஏற்றினேன்.

ல்-இன் புள்ளி, சரி.
அங்கிருந்து ன்-இன் தலைக்குத் தாவும்போது
ஒரு கிர்ர்.
பிறகு ஒன்றும் நடக்காததுபோல்
இறங்கிக் குடைந்தது.

அகரத்தின் தலையில் புள்ளி.
அப்படியோர் எழுத்து
எந்த வாத்தியார் அடித்தாலும் யாருக்கும் வராது.
மகரத்துக்கு விழவேண்டியது
பக்கத்து னகரத்தில் விழுந்திருந்தது.

திரையில் பார்த்தால் எல்லாம் சரி.
அனுப்பிய துடிப்புகளை எண்ணத்தான் அதற்குத் தெரியும்.
போய்ச் சேர்ந்ததா என்று
கேட்கும் வழக்கமில்லை.
ஓர் எழுத்து அகலம் பின்தங்கி நின்றுகொண்டு
வந்துவிட்டேன் என்கிறது.
பொய்யில்லை அது.
அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கோபத்தில் நான் பெட்டியை உதைத்தேன்.
நாகூர்கனி பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்வதைச் சொல்ல
வாயெடுத்தான்.
அந்த உவமையை எட்டாம் வகுப்பிலிருந்து கேட்கிறேன்,
வேண்டாம் என்றேன்.

அப்புறம் சரியாகத்தான் சொன்னான்.
படகுத் தொட்டிக்குப் புனல் வைத்து டீசல் ஊற்றுகிறாய்.
ஒரு கேன் இறங்கி முடியுமுன்
அடுத்த கேனைச் சாய்த்தால் வழியும்.
சுருளுக்குள் மின்சாரம் நிறையவும் நேரம் பிடிக்கும்.
நிறையுமுன் அடுத்த துடிப்பு வந்து
கதவை மாற்றித் திறக்கிறது.
வேகம் ஏற ஏறக் கையில் வலு இல்லை.

இருபத்துநாலு வோல்ட்டைக் கழற்றிவிட்டு
எங்கிருந்தோ முப்பத்தாறு கொண்டுவந்தான்.
வெறும் ஓட்டத்தில் மூவாயிரத்து அறுநூறு!
நாங்கள் இருவரும் கைதட்டினோம்
இரவு ஒன்றரை மணிக்கு,
பைத்தியங்கள்போல்.
பிட்டை மரத்தில் இறக்கியதும்
இரண்டாயிரத்து நூறில் மறுபடி கிர்ர்.

ஒவ்வோர் ஐம்பதாகக் குறைத்தேன்.
கிளம்பும் வேகத்தையும் பாதியாக்கினேன்,
நின்ற இடத்திலிருந்து பாயச் சொல்வது
யாருக்கும் நல்லதில்லை.
துண்டுப் பலகையில் இருபது தடவை போய்த் திரும்பி
புறப்பட்ட குழியிலேயே பிட் இறங்கிய எண்ணைப்
பென்சிலால் சட்டத்தில் எழுதினேன்.

தப்புப் புள்ளிகளைப் பட்டி வைத்து அடைத்து,
தேய்த்து, நீலம் பூசி,
சரியானவற்றை அவற்றின் தலையில் வெட்டினேன்.
விடிந்ததும் சேசுராசு வந்தார்.
பலகை முழுக்க உள்ளங்கையை ஓட்டினார்.
அகரத்துக்கு மேலே வந்ததும் கை நின்றது.
என்னைப் பார்த்தார்.
"காய்ந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டார்.

எண் ஆயிரத்து எண்ணூறு.
கச்சான் அடிக்கிற வாரங்களில்
தண்டில் உப்பு ஏறியிருந்தால்
ஆயிரத்து அறுநூறு.