நறுக்கு

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
சஸ்காட்டூனின் ஆறு உறைந்து
பாலத்தடியில் சத்தமில்லாமல் கிடக்கிறது.
உள்ளே, மூன்றாம் எண் வளர்ப்பறையில்
இருபத்திரண்டு டிகிரி, பதினாறு மணி நேரப் பகல்.
சட்டைக் கையை மடித்துவிட்டு
இலை எண்ணுகிறேன்.

கடுகுக்கு ஒன்றுவிட்ட தங்கை இந்தச் செடி.
உள்ளங்கைக்குள் அடங்கும்.
இருபத்தைந்தாம் நாள் தண்டு விட்டுப் பூக்க வேண்டியது.
இடப்பக்கத் தட்டில் பூத்து, காய்த்து,
விதையும் கொட்டித் தீர்த்தாயிற்று.
வலப்பக்கத் தட்டில்
இலைமேல் இலை, இலைமேல் இலை,
அறுபது நாளாய்
தரையோடு தரையாக ஒரு பச்சைப் பிடிவாதம்.

காரணம் நாங்கள்தான்.

பூக்கச் சொல்லும் புரதம் ஒன்று உண்டு.
தனியாக இருந்தால் அதற்கு வாய் இல்லை.
தன்னைப்போல் இன்னொன்றோடு கை கோத்த பிறகே
டிஎன்ஏ மேல் ஏறி உட்காரும், ஆணையிடும்.
அதை நறுக்கினோம்.
ஆணையிடும் பாதியை எறிந்துவிட்டு
கை கோக்கும் துண்டை மட்டும்,
அறுபத்தெட்டு அமினோ அமிலம்,
செடிக்குள் குடியேற்றினோம்.
வெட்டாது, எரிக்காது, விஷமும் இல்லை.
போய்க் கையைப் பிடித்துக்கொள்ளும்.
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.
குறிப்பேட்டில் அதற்கு நீளமாக ஓர் எண்.
நான் மட்டும் நறுக்கு என்பேன்.

அறைகளைப் பார்த்துக்கொள்ளும் டேரல் கொவால்சுக்,
"இதுகள் நோஞ்சானாக இருக்கின்றனவே" என்று
எனக்குத் தெரியாமல் உரம் போட்டுவந்திருக்கிறார்.
பன்னிரண்டு நாள் அளவுகள் குப்பை.
கத்தத்தான் போனேன்.
இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்றேன்,
என் தடுமாறும் ஆங்கிலத்தில்.
யோசித்தார். மண் கரண்டியைக் கீழே வைத்தார்.
என் இடக்கையைப் பிடித்துக்கொண்டு,
"இப்போது தட்டு" என்றார்.

வலக்கை காற்றில் நின்றது.
ஐந்து வருட ஆராய்ச்சியில்
இதைவிட நல்ல படம் எங்களிடம் இல்லை.
எப்போது விடுவது என்றுதான்
இருவருக்கும் தெரியவில்லை.

இன்று, அறுபத்தொன்றாம் நாள்,
வலப்பக்கத் தட்டில் ஏழாவது செடி
பூத்திருக்கிறது.
நொய்யரிசி அளவில் நான்கு வெள்ளை இதழ்.
போனில் படம் எடுத்தேன்.
பூ விழவில்லை, விளக்கின் ஊதா மட்டும் விழுந்தது.
ஓர் இலையைக் கிள்ளி, அரைத்து, ஓட்டிப் பார்த்தேன்.
மற்றவை எல்லாவற்றிலும் நறுக்கின் கறுப்புக் கோடு,
ஏழில் வெறும் வெள்ளை.
நாங்கள் எழுதி வைத்த வரியை
செடியே வாயடைத்திருக்கிறது.
எந்த நாளில்? எந்த இலையில் தொடங்கி?
நான் பக்கத்தில்தான் இருந்தேன்,
எண்ணிக்கொண்டு.

விதி தெளிவு. இங்கிருந்து
ஒரு விதையும் வெளியேறக் கூடாது.
பையில் போட்டுக் கட்டினேன்.
நூற்றிருபத்தொரு டிகிரி நீராவி, முப்பது நிமிடம்.
ஏட்டில்: ஏழு. பூத்தது. நீக்கப்பட்டது.
டேரல் கேட்டால் என்ன சொல்வதென்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் யாரும் இல்லை.
கைகளை ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.
கம்பளிக் கையுறை.
இரண்டு கையும் இருந்தும்
தலையணையை அடித்ததுபோல் ஏதோ ஒன்று.
பேருந்து வர இன்னும் பதினொரு நிமிடம்.
மறுபடி தட்டினேன்.