ஐம்பது ஹேர்ட்ஸ்

கொக்குவில் ஸ்ரேசனுக்குப் பின்னால்
வாடகை அறை.
சுவரோடு நிமிர்த்தி வைத்த
இரண்டு பஞ்சு மெத்தைகள்.
"ஆர் தம்பி இதில படுக்கிறது?"
வீட்டுக்காரர் கேட்டார்.
எதிரொலி, என்றேன்.
பிறகு அவர் ஒன்றும் கேட்பதில்லை.

வேலைநேரம் ஃபேன் ஓடக்கூடாது.
சித்திரையில் ஒரு பாட்டுக்கு இரண்டு சாரம் நனையும்.
ரயில் அட்டவணையை நம்பிப் பிரயோசனமில்லை,
மேசையில் தேத்தண்ணி நடுங்கினால்
கையை எடுத்துவிடுவேன்.

பாட்டில் என் பெயர் வராது.
வந்தால் கடைசியில்,
நன்றிக்கும் பதிப்புரிமைக்கும் நடுவில்:
மாஸ்டரிங், ம. ஆரூரன்.
அம்மா அயலுக்குச் சொல்வது கொம்பியூட்டர் வேலை,
தரகருக்குச் சொல்வது வெளிநாட்டுக் கொம்பனி.
இரண்டும் பொய்யில்லை.

எல்லாரும் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார்கள்.
நானோ
அரை டெசிபெல், கால் டெசிபெல் என்று
உப்புப் பார்த்துப் பார்த்தே
நாக்கு மரத்த சமையல்காரன்.

முடிந்ததும் ஜெயசீலனின் ஓட்டோ.
பின்சீற்றுக்குக் கீழே பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்.
ஆரியகுளத்தில் தொடங்கினால்
பண்ணைப் பாலத்தில் பாட்டு முடியும்.
கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொல்வான்,
"பேஸ் காணாது மச்சான்."
திரும்பிவந்து திறந்தால்
காணாதுதான்.

வைகாசியில் ரொறன்ரோவிலிருந்து ஒரு ஃபைல்.
அனுப்பியவள் லக்சிகா.
ட்ரம்முக்கு அடியில், சிந்தசைசருக்கு அடியில்,
பழைய கசெற்றில் வெட்டிய ஒரு பெண்குரல்:
இஞ்ச எல்லாரும் சுகம்,
ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ.
கூடவே குறிப்பு:
"கீழ ஒரு உறுமல் கேக்குது. எங்கட பிரிட்ஜ் மாதிரி.
எடுத்துவிடுங்கோ அண்ணா."

அளந்தேன். ஐம்பது.
அவர்களுடைய கரண்ட் அறுபதில் ஓடுவது.
ஐம்பது எங்களுடையது.
அதுவும் ஐம்பதில் நிற்கவில்லை,
நாற்பத்தெட்டுக்கு இறங்கி, ஐம்பத்தொன்றுக்கு ஏறி
திரும்ப வழுக்குகிறது.
டேப் ஆடியிருந்தால் குரலும் ஆடவேண்டும்.
குரல் நேராக நிற்கிறது.

ஜெனரேற்றர்.
மண்ணெண்ணெயில் ஓடியது.
போத்தல் என்ன விலை விற்ற காலம் என்று
எனக்குத் தெரியும்.
கடைசியில் உறுமல் தணியத் தணிய
சுகம் சொல்பவள் அவசரப்படுகிறாள்.
பிள்ளைகளின் பெயர்களை
மூச்சுவிடாமல்,
மூன்றாவது பெயரில் பாதி.

இதையெல்லாம் லக்சிகாவுக்கு எழுதத் தொடங்கி
அழித்தேன்.
"உறுமல் எடுத்தாச்சு" என்று மட்டும் அனுப்பினேன்.
காசு வந்தது.
"இப்ப நல்ல சுத்தம்" என்றும் வந்தது.

எடுத்ததை எறியவில்லை.
நாலு நிமிசம் பதினொரு செக்கன்.
என் சொந்தப் பாட்டொன்று
மூன்று வருசமாக முடியாமல் கிடந்தது,
அதன் அடியில் போட்டுப் பார்த்தேன்.
ஒன்றையும் கூட்டவில்லை.

அன்றிரவு ஓட்டோவில்
பாதிப் பாலத்தில் ஜெயசீலன் ஓரங்கட்டினான்.
"எஞ்சினில ஏதோ பிழை" என்று
இறங்கிக் குனிந்து பார்த்தான்,
காதை வைத்துக் கேட்டான்,
எஞ்சினை நிறுத்தினான்.

உறுமல் நிற்கவில்லை.