இரவு இரண்டு பத்து, ஜீலாங்

புதுப்பிப்பு இறங்கி முடிந்ததும்
ஆஸ்பத்திரி முழுக்கத் திரைகள் கறுத்தன.
உதவி மேசையில் நான் ஒருத்தி.
நாற்பத்தொரு அழைப்பு.

நான்காம் வார்டில் மவுஸை மேசையில் அடிக்கிறார்கள்,
ஃபோனில் கேட்கிறது.
மருந்தகத்தில் ஒருவர்
தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாராம்.
எக்ஸ்ரே அறையில் விரலால் தொட்டுத் தொட்டு
"ப்ளீஸ்" என்கிறாள் ஒருத்தி.
என்னிடம் அல்ல.

அழைக்காதது ஒரே ஓர் எண்.
நிலவறை. டாக்டர்களின் கடிதங்களைத் தட்டச்சும் ஸ்லாவ்கோ.

இறங்கிப் போனேன்.
விளக்கில்லாத அறையில்
விசைகள் ஓடிக்கொண்டிருந்தன.
அவன் காதுக்குள் கணினி
கடுகு பொரிகிற வேகத்தில் கதைத்தது.

"திரை?" என்றேன்.
"சற்றுமுன் அதைப் பற்றித்தான் ஏதோ புலம்பியது.
எனக்கெதற்கு என்று விட்டுவிட்டேன்."

ஹெட்ஃபோனைக் கழற்றி என் பக்கம் நீட்டினான்,
திரும்பச் சொல்லவிட்டான்.
ஒரு சொல்லும் பிடிபடவில்லை.
வேகத்தைக் குறைத்தான்.
இன்னும்.
குழந்தைக்குச் சோறூட்டுகிற அளவுக்கு இன்னும்.
அப்போதுதான் கேட்டது:
பிழையின் பெயர், எண், பிறந்த நிமிடம்.

பெயர் தெரிந்ததும் மருந்து தெரிந்தது.
மேலே வந்து வார்டு வார்டாகச் சொன்னேன்:
திரையைப் பார்க்காதீர்கள்,
அங்கே ஒன்றுமில்லை.
இடது மூலையில் மூன்று விசை, கீழ் வரிசையில் பி,
நான்கையும் சேர்த்து அழுத்துங்கள்.
எங்கோ ஒருவர் கைதட்டினார்.

விடியுமுன் நினைவு வந்தது,
நிலவறைத் திரையை எழுப்பவே இல்லை.
அதன்மேல் அவன்
மழைக்கோட்டைக் காயப்போட்டிருந்தான்.