முப்பது விழுக்காடு

என் கணவனின் ஈரலில்
முப்பது விழுக்காடு கொழுப்பு என்றார் மருத்துவர்.
"முப்பதுதானா?" என்று கேட்டுவிட்டேன்.
மலாத்யா மருத்துவமனையின் நாலாம் மாடியில்
சிரித்தது நான் ஒருத்திதான்.

அடுத்த அறையில் ரிஃபாத், இவன் அண்ணன்.
பதினோரு வருடம் பேச்சில்லை.
ஆப்ரிகாட் தோட்டத்து வாய்க்கால்.
செவ்வாய் இரவு யார் முறை என்பதில் தொடங்கி
மண்வெட்டிப் பிடி வரைக்கும் போன கதை.
அன்று மஞ்சள் பூத்துக் கிடந்தான்.
வாய்க்காலுக்கு அடித்துக்கொண்டவனுக்கு
வயிறெல்லாம் தண்ணீர்.

துளி சாராயம் தொட்டதில்லை அவன்.
யார் நம்புகிறார்கள்?
பார்க்க வந்த பள்ளிவாசல் ஆட்கள்கூட
பழக்கூடையை வைத்துவிட்டு
"எத்தனை வருடப் பழக்கம்?" என்று
காதோடு கேட்டுப் போனார்கள்.
பழக்கம் இதுதான்:
முப்பது வருட மினிபஸ் இருக்கை,
ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு தேநீர்,
ஒவ்வொரு தேநீருக்கும் மூன்று கட்டி சர்க்கரை.

பிள்ளைகளுடையது பொருந்தவில்லை.
பொருந்தியது இவனுடையது.
ஆனால் அறுத்துக் கொடுக்கும் நிலையில் இல்லை.
"அறுபது நாள் தருகிறேன்,
கொழுப்பை இறக்கிக்கொண்டு வாருங்கள்."
ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசியும்
இறங்காத கொழுப்பு, டாக்டர்.

பூகம்பத்துக்குப் பின் வந்த கண்டெய்னர் வீடுகள்,
வரிசைக்கு நாற்பது.
விடியுமுன் பனியில் நடந்தான் சுக்ரூ,
வரிசை முடிய, திரும்ப, வரிசை முடிய.
ரொட்டியை நான் பூட்டி வைத்தேன்.
பதினேழாம் நாள் ஆத்திரத்தில்
முள்ளங்கியைச் சுவரில் எறிந்தான்.
முப்பதாம் நாள் ஆணியைச் சுட்டு
பெல்ட்டில் புது ஓட்டை போட்டான்.
எதற்காக என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் நின்றுவிடுவானோ என்று பயம்.

நாற்பத்தாறாம் நாள் ரிஃபாத்துக்கு
நஞ்சு தலைக்கேறியது.
அமோனியா என்றார்கள்.
கைகள் காற்றில் படபடத்தன.
வாசலில் நின்ற இவனைப் பார்த்து
"தம்பி, மடையைத் திறந்து விடு,
இன்னைக்கு உன் முறை" என்றான்.
பதினோரு வருடம்
நீதிமன்றத்தில் வாங்க முடியாத வாக்குமூலம்.
சுக்ரூ வெளியே வந்து
ஜன்னல் பக்கம் திரும்பி
நெடுநேரம் மூக்கைச் சிந்தினான்.

எங்கள் மொழியில் உயிருக்குயிரானவரை
'என் ஈரலே' என்றுதான் கூப்பிடுவோம்.
குழந்தையை, காதலியை, கூடப் பிறந்தவனை.
இவர்கள் இரண்டு பேரும் அந்தச் சொல்லை
எந்தப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்களோ.

அறுபத்திரண்டாம் நாள், எட்டு விழுக்காடு.
மறுவாரம் இரண்டு கதவுகள் அடுத்தடுத்து மூடின.
பதினான்கு மணி நேரம்
ரிஃபாத்தின் மனைவியும் நானும்
ஒரே பெஞ்சின் இரண்டு முனைகள்.
வலப்பக்கம் முழுவதும் எடுத்தார்களாம்.
வளர்ந்துவிடும் என்றார்கள்,
இவனுக்குள்ளும் அவனுக்குள்ளும்,
வெட்டிய புதினா போல.

ஆறாம் நாள் ரிஃபாத்துக்குத் தலை தெளிந்தது.
விழியின் வெள்ளை வெள்ளையாகியிருந்தது.
"இன்று செவ்வாய்க்கிழமையா?
தண்ணீர் என் முறை" என்றான்.
சக்கர நாற்காலியில் வந்திருந்த சுக்ரூ
தையலைப் பிடித்துக்கொண்டு கத்தினான்:
"என் ஈரலை வைத்துக்கொண்டு
என்னிடமே சட்டம் பேசுகிறாயா!"
ஓடி வந்த தாதியை நான்தான் தடுத்தேன்.
விடு பெண்ணே,
அவர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

எச்சரித்துத்தான் அனுப்பினார்கள்.
பழையபடி இருந்தால்
புது ஈரலிலும் கொழுப்பு ஏறுமாம்.
அதனால் ஏப்ரலில் ஒரு காலை
எடை பார்க்கும் இயந்திரத்தை இடுப்பில் இடுக்கி
எல்லைக்கல்லைத் தாண்டினேன்.
உறைபனியில் பூக்கள் கருகியிருந்தன,
கல்லுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்.
அவள் கதவைத் திறந்தாள். தேநீர் ஊற்றினாள்.
சர்க்கரைக் கிண்ணத்துக்கு நீண்ட கையை
பாதியில் இழுத்துக்கொண்டாள்.

வாய்க்கால் வழக்கு
வரும் இருபத்திரண்டாம் தேதி வாய்தா.
ஒரே மினிபஸ்ஸில் போகிறார்களாம்.